கொல்லை மண்ணுல பூச்சிக்கு எமன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பூச்சியைக் கொல்லுற நூற்புழு நம்ம டெல்டா மண்ணுலயே இருக்கு, அதைத் தேடிப் பாருங்கன்னு இந்தப் பகுதியில ஒரு பதில் எழுதியிருந்தேன். நாலு பேர் கேப்பாங்கன்னு நினைச்சேன், பை நிறைய கடுதாசி வந்து கிடக்கு, வாட்ஸ்அப்ல போட்டோ வேற. அதுல கொஞ்சத்துக்கு மட்டும் இங்க பதில் சொல்றேன். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் சொன்னதால ஊர் மட்டும்தான்.

திருவையாறு பக்கம், வாழை விவசாயி: பூவன் வாழை மூணு மா, அதாவது ஒரு ஏக்கர், போட்டிருக்கேன். போன வருஷம் நூற்புழு விழுந்து வேரெல்லாம் செத்து, ஒரு காத்துக்கே பாதி மரம் சாஞ்சுது. அதைக் கொல்லத்தான் எல்லாரும் மருந்து சொல்றாங்க, நீங்க என்னடான்னா தேடிப் பிடிச்சு வளக்கச் சொல்றீங்களே சார், விளையாடுறீங்களா?

விளையாடலைங்க ஐயா. பேரு ஒன்னா இருக்கறதால வர்ற குழப்பம் இது, தப்பு எங்க மேலதான், நூற்புழு நூற்புழுன்னு எல்லாத்தையும் ஒரே பேர்ல சொல்லிட்டுப் போயிடறோம். உங்க வாழையைச் சாய்ச்சது வேரைத் துளைக்கிற ஜாதி. அதுக்கு வாயில ஊசி மாதிரி ஒன்னு இருக்கும், அதை வேர்ல குத்தி உறிஞ்சும். வேரை நீளவாட்டுல கிழிச்சுப் பாத்தீங்கன்னா உள்ள செவப்பும் கருப்புமா திட்டுத்திட்டா இருக்குமே, அது அதோட வேலை. கத்தரி, தக்காளி வேர்ல மணி மணியா முடிச்சு விழறது இன்னொரு ஜாதி. ரெண்டுமே பயிரைத் தின்னு பொழைக்கிறதுங்க.

நான் சொல்ற ஆள் வேற. அதுக்கு அந்த ஊசியே கிடையாது, வேரை அது தொடாது. ஸ்டைனர்நீமா, ஹெட்டிரோராப்டைட்டிஸ்னு ரெண்டு வகை, அரை மில்லிமீட்டரோ கொஞ்சம் கூடவோதான் நீளம், வெறுங்கண்ணுக்கு அம்புடாது. மண்ணுக்குள்ள காத்துக்கிட்டு இருக்கும், அந்தப் பருவத்துல எதையும் திங்காது, உடம்புல இருக்கற கொழுப்பை வச்சே வாரக்கணக்கா மாசக்கணக்கா உயிரோட இருக்கும். பக்கத்துல ஒரு கூன்வண்டுப் புழுவோ வேர்ப்புழுவோ போச்சுன்னா அது விடற மூச்சுக்காத்தை மோப்பம் பிடிச்சுப் போயி வாய் வழியாவோ, மலத்துவாரம் வழியாவோ, மூச்சுத்துளை வழியாவோ உள்ள பூந்துரும். உள்ள போனதும் தன் வயித்துல வச்சிருக்கற பாக்டீரியாவை ரத்தத்துல கக்கும். பூச்சியைக் கொல்றதுல பெரிய பங்கு அந்த பாக்டீரியாவுக்குத்தான், ரெண்டு நாளைக்குள்ள புழு காலி. அப்புறம் பாக்டீரியா பெருகப் பெருக நூற்புழு அதைத் தின்னு வளந்து குஞ்சு பொரிச்சு, ரெண்டு தலைமுறை தாண்டி, கூடு காலியானதும் லட்சக்கணக்குல வெளிய வரும், வந்து மறுபடி காத்துக்கிட்டு இருக்கும்.

ஆனா ஒன்னு, இதை விட்டா உங்க வேர் நூற்புழு போயிடும்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. இது பூச்சிக்குத்தான் மருந்து. வாழையில உங்களுக்கு கிழங்குக் கூன்வண்டு தொல்லை இருந்தா அங்க இதுக்கு வேலை இருக்கு. வேர் அழுகலுக்கு முதல்ல கன்னைப் பாத்து வாங்குங்க, கிழங்கை நல்லா சீவிட்டு நடுங்க, வாழை மேல வாழை போடாம ஒரு போகம் நெல்லு வைங்க, தண்ணி கட்டிக் கிடந்தாலே அந்தப் புழு வெகுவா கொறைஞ்சுரும்.

ஒரத்தநாடு, தென்னந்தோப்பு வச்சிருக்கற அம்மா: மண்ணை எடுத்து சோதிக்கலாம்னு எழுதியிருந்தீங்க தம்பி. எப்படி எடுக்கறது, எவ்வளவு எடுக்கறது, லேபுக்குப் போகணுமா? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

லேப் வேண்டாம்மா, கடைசில பேர் கண்டுபிடிக்கத்தான் லேப். மண்ணுக்குள்ள ஆள் இருக்கானா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஒரு டப்பாவும் அஞ்சு புழுவும் போதும். இதுக்கு இரைப்புழு வைக்கற முறைன்னு சொல்லுவாங்க, 1975ல ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேர் எழுதி வச்சது, இன்னிக்கும் உலகம் முழுக்க சர்வே போறவங்க இதையேதான் பண்றாங்க.

தோப்புல ஒரே இடத்துல தோண்டாதீங்க. இந்த நூற்புழு மண்ணுல மாவு சலிச்ச மாதிரி பரவி இருக்காது, எங்கயோ ஒரு புழு செத்த இடத்துல கும்பலா இருக்கும், நாலடி தள்ளிப் பாத்தா ஒன்னும் இருக்காது. அதனால ஒரு மா நிலத்துக்குள்ள எட்டுப் பத்து இடத்துல, மரத்தடியில வேர் ஓடற எடமா பாத்து, மேல கிடக்கற சருகை ஒதுக்கிட்டு, ஒரு சாண் ஆழம் வரைக்கும் கொத்தி கை கையா எடுங்க. எல்லாத்தையும் ஒரு வாளியில போட்டுக் கலந்து அதுல அரைக்கிலோ மட்டும் பாலித்தீன் பையில கட்டுங்க. அடுத்த தோப்புக்குப் போறதுக்கு முன்னாடி மம்பட்டியைக் கழுவித் துடைச்சுட்டுப் போகணும், இல்லன்னா உங்க தோப்புப் புழுவை அடுத்தவன் தோப்புல கண்டுபிடிச்சதா கணக்கு எழுதிடுவீங்க. பை மேல என்ன பயிர், எந்த இடம், என்ன தேதி, கடைசியா என்ன மருந்து எப்ப போட்டீங்கன்னு எழுதிருங்க, குருணை மருந்து போட்ட கையோட எடுத்த மண்ணுல தேடறது வீண். பையை வெயில்ல போட்டுடக் கூடாது, வண்டி டேங்க் மேல வச்சுக்கிட்டு வந்தா வீட்டுக்கு வர்றதுக்குள்ள வெந்துரும், நிழல்ல ஈர சாக்கு சுத்தி எடுத்துட்டு வாங்க.

வீட்டுக்கு வந்ததும் கல்லு, வேரு, மண்புழு எல்லாத்தையும் பொறுக்கிட்டு, கால்கிலோ மண்ணை மூடி போட்ட டப்பாவுல போடுங்க. ஈரம் எவ்வளவுன்னா கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி கசியக் கூடாது. அதுக்குள்ள தேன் அடையை நாசம் பண்ற மெழுகு அந்துப்பூச்சியோட பெரிய புழுவா அஞ்சு விடுங்க, மூடியில ஊசியால ரெண்டு ஓட்டை போட்டு, டப்பாவைத் தலைகீழா கவுத்து இருட்டான இடத்துல வைங்க. புழு எப்பவும் மேல ஏறி மூடிகிட்ட ஒட்டிக்கப் பாக்கும், கவுத்து வச்சாத்தான் மண்ணுக்குள்ள கிடக்கும். நாலாம் நாள்ல இருந்து தினம் திறந்து பாருங்க, ஒரு வாரம் வரைக்கும் பாக்கலாம். செத்ததை எடுத்துட்டு அதே மண்ணுல புதுசா அஞ்சு புழு விட்டு இன்னொரு தடவை பாக்கணும், ஏன்னா முதல் தடவை எல்லா நூற்புழுவும் கிளம்பி வராது, சிலது சோம்பேறி, ரெண்டாவது பந்திக்குத்தான் வரும்.

இன்னொரு டப்பாவுல வறுத்து ஆறவச்ச மணல்ல அதே மாதிரி அஞ்சு புழு விடணும், இதைத்தான் பாதிப் பேர் விட்டுடறாங்க. அந்த மணல்லயும் புழு செத்தா உங்க புழுவே சீக்குப் புழு, மண்ணு மேல பழி போடாதீங்க.

பத்து மண்ணு எடுத்து ஒன்னுல கிடைச்சாலே நல்ல கைன்னு வச்சுக்கங்க. மூணு எடுத்துட்டு எங்க ஊர்ல இல்லைன்னு எழுதாதீங்கம்மா.

ஈச்சங்கோட்டை பக்கம், வேளாண் கல்லூரி மாணவி: சார், டப்பாவுல புழு செத்துச்சு. ஆனா நூற்புழுவாலதான் செத்துச்சுன்னு எப்படி சொல்றது? போட்டோ அனுப்பியிருக்கேன்.

போட்டோவைப் பாத்தேம்மா, ரெண்டாவது படத்துல இருக்கறது நூற்புழு இல்ல. கருகருன்னு கூழ் ஆகி இருக்கு பாத்தியா, அது சும்மா அழுகல். மோந்து பாத்தியான்னு நீ எழுதல, மோந்து பாத்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். சாதாரணமா செத்து அழுகுன புழு கிட்ட போக முடியாது. நூற்புழு கொன்னது அப்படி நாறாது, உள்ள இருக்கற பாக்டீரியா மத்த கிருமி எதையும் அண்ட விடாம தானே ஆன்டிபயாடிக் சுரந்து ஊறுகாய் போட்ட மாதிரி வச்சிருக்கும், தன் குஞ்சுகளுக்கு சாப்பாடு கெடக் கூடாதில்ல. மூணாவது படத்துல வெறைப்பா, மேல பச்சைப் பொடி பூத்த மாதிரி இருக்கறது பூச்சியைக் கொல்ற மெட்டாரைசியம் பூஞ்சாணம். அதையும் தூக்கிப் போட்டுடாத, அதுவும் நல்ல ஆளுதான், தனி டப்பாவுல எடுத்து வை.

முதல் படம்தான் விஷயம். செங்கல் நிறத்துல, மேல்தோலு முழுசா இருக்கு, அமுக்குனா ரப்பர் மாதிரி இருக்கும்னு நினைக்கிறேன். அது ஹெட்டிரோராப்டைட்டிஸா இருக்க நிறைய வாய்ப்பு. ஸ்டைனர்நீமான்னா பழுப்பாவோ சாம்பல் மஞ்சளாவோ மாறி தொளதொளன்னு ஆயிடும். இன்னிக்கு ராத்திரியே ஒன்னு பண்ணிப் பாரு. ரூமைக் கும்மிருட்டாக்கு, ஃபோனைத் தூரமா கவுத்துப் போட்டுரு, பத்து நிமிஷம் சும்மா உக்காரு, கண்ணு இருட்டுக்குப் பழகணும். அப்புறம் அந்தச் செவப்புப் புழுவைப் பாரு, ரொம்ப லேசா பச்சை நீலமா ஒரு வெளிச்சம் வரும். ஹெட்டிரோராப்டைட்டிஸோட பாக்டீரியா ஒளிரும், பேரே போட்டோராப்டஸ். நான் முதல் தடவை பாத்தப்ப ஏதோ ஜன்னல் சந்துல வெளிச்சம் வருதுன்னு நினைச்சு எந்திரிச்சுப் போயி துணியெல்லாம் அடைச்சேன், திரும்பி வந்து பாத்தா அப்பவும் மினுக்குது. வீட்டுல எல்லாரையும் எழுப்பிக் காட்டுனேன், அவங்களுக்கு கண்ணு பழகாததால ஒன்னும் தெரியல, எனக்குத் திட்டு விழுந்ததுதான் மிச்சம்.

ஆனா நிறமும் வெளிச்சமும் மட்டும் வச்சு ரெக்கார்டு எழுதாத, உங்க சார் கிழிச்சுப் போட்டுடுவார். செத்த புழுவைக் கழுவி, சின்னத் தட்டைக் கவுத்து அது மேல ஈரத்தாள் விரிச்சு அதுல வை, சுத்தி பெரிய தட்டுல கொஞ்சமா தண்ணி ஊத்து. தாளோட ஓரம் தண்ணியில நனையணும், புழு நனையக் கூடாது. பத்துப் பதினஞ்சு நாள்ல குஞ்சுங்க கிளம்பி தாள் வழியா இறங்கி தண்ணிக்கு வந்துரும், இதுக்கு ஒயிட் பொறின்னு பேரு. தட்டுக்கு அடியில கருப்புத் தாள் வச்சு பக்கவாட்டுல டார்ச் அடிச்சா தண்ணி புகை மாதிரி ஆடும். அந்தத் தண்ணியில கொஞ்சம் எடுத்து புதுப் புழுவுக்கு விடு. அதுவும் அதே நிறத்துல ரெண்டு மூணு நாள்ல செத்து, அதுல இருந்தும் குஞ்சு வந்தாத்தான் கணக்கு. ஏன்னா மண்ணுல சும்மா திரியற, பாக்டீரியா திங்கற சாது நூற்புழுங்க எக்கச்சக்கம், செத்த பிணத்துல விருந்துக்கு வந்து பெருகிட்டு உன்னை ஏமாத்தும். அதுங்களால உயிரோட இருக்கற புழுவைக் கொல்ல முடியாது.

அப்புறம் எந்த இனம்னு சொல்லணும்னா மைக்ராஸ்கோப்பும் டிஎன்ஏவும் வேணும், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல நூற்புழுவியல் துறையே இருக்கு, உங்க கல்லூரி வழியா அனுப்பு. கோயம்புத்தூர்னதும் ஞாபகம் வருது, ஹெட்டிரோராப்டைட்டிஸ் இண்டிகான்னு இன்னிக்கு உலகமே சொல்ற இனம் அங்க கரும்புல இருந்து எடுத்து 1992ல பேர் வச்சதுதான். சூட்டைத் தாங்கற இனம் அது. வெளிநாட்டுப் புழுவைப் பாத்து ஏங்கறவங்களுக்கு இதை நான் சொல்லிக்கிட்டே இருப்பேன், குளிர் தேசத்துல பொறந்தது நம்ம சித்திரை வெயில்ல என்ன பண்ணும்? இந்த மண்ணுல, இந்தச் சூட்டுல, மூணு மாசம் தண்ணியும் மூணு மாசம் வெடிப்புமா கிடக்கற எடத்துல உயிரோட இருக்கற ஒன்னை நாம கண்டுபிடிச்சா, அது ஏற்கனவே எல்லாப் பரீட்சையும் எழுதி பாஸ் ஆனது.

மன்னார்குடி: சம்பா வயல்ல நாலு எடத்துல மண்ணு எடுத்து நீங்க போன இதழ்ல சொன்னபடி பண்ணிட்டேன். ஒரு புழுவும் சாகல. பொய்யா எழுதறீங்களா?

அண்ணே, கோவிக்காதீங்க, எந்த வயல்னு நான் எழுதாம விட்டது என் தப்பு. இந்த நூற்புழுவுக்கு மூச்சு வேணும். மாசக்கணக்கா தண்ணி நிக்கற சேத்துல காத்தே கிடையாது, களி மண்ணுல துவாரமும் அடைச்சுக்கும், நகர முடியாது. ஈரம் வேணும், ஆனா முங்கக் கூடாது. அதே வயலோட வரப்புல, திடல்ல, வாய்க்கால் கரையில, களத்து மேட்டுல, வீட்டுக் கொல்லை முருங்கை மரத்தடியில எடுத்துப் பாருங்க. கொள்ளிடக்கரைப் படுகை மண்ணுன்னா இன்னும் நல்லது, மணலும் வண்டலும் கலந்து பொலபொலன்னு இருக்கும். உங்க வயல்ல ஒன்னும் இல்லைங்கறதும் சர்வேல ஒரு கணக்குதான், எழுதி வைங்க.

வேதாரண்யம் பக்கம்: மணல் பூமி, நிலக்கடலை. வேர்ப்புழு கடிச்சு அங்கங்க செடி வாடுது, பிடுங்குனா வேரே இல்லாம வருது. உங்க புழுவை நாங்களே பெருக்கி விட முடியுமா? எவ்வளவு விடணும்?

உங்க மண்ணு இதுக்குப் பிறந்த மண்ணுங்க, கடலோர மணல்ல இந்தப் புழுவைப் பல நாட்டுலயும் எடுத்திருக்காங்க, தேடுனா கிடைக்க வாய்ப்பு உண்டு. பெருக்கறதும் முடியும். ஆனா முதல்ல கணக்கைப் பாத்துடுவோம், கணக்கைச் சொல்லாம வளங்க வளங்கன்னு ஆசை காட்டறது பாவம்.

ஏக்கருக்கு 100 கோடி நூற்புழுங்கறது வழக்கமா சொல்ற அளவு. ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 25ன்னு வருது. மா கணக்குல கிட்டத்தட்ட 33 கோடி. ஒரு மெழுகுப் புழுவுல இருந்து ரெண்டு லட்சம் குஞ்சு வருதுன்னு தாராளமாவே வச்சுக்குவோம், ஒரு மாவுக்கு 1,700 புழு வளக்கணும். ஒரு மாவுக்கு பொழுதுபோக்கா பண்ணிடலாம், மூணு ஏக்கருக்குன்னா அது முழுநேர வேலை. அதனால வயல் முழுக்க தெளிக்கணும்னா பெங்களூர்ல இருக்கற மத்திய அரசு பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், என்பிஏஐஆர்னு சொல்லுவாங்க, அவங்க ஹெட்டிரோராப்டைட்டிஸ் இண்டிகாவை பவுடரா ஆக்கி வேர்ப்புழுவுக்குன்னே தொழில்நுட்பம் குடுத்திருக்காங்க, சிக்கல் ஊர்ல இருக்கற உங்க வேளாண் அறிவியல் நிலையத்துல (கேவிகே) கேட்டுப் பாருங்க. வீட்டுல வளத்ததை செடி வாடுற திட்டுல மட்டும் விடுங்க, சொட்டை எங்கயோ அங்கதானே எண்ணெய்.

விடறது சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல. முதல்ல தண்ணி காட்டி மண்ணு ஈரமா இருக்கணும், விட்டதுக்கு அப்புறமும் ஒரு லேசான தண்ணி. வெயில் பட்டா நிமிஷத்துல போயிடும். கைத்தெளிப்பான்ல அடிக்கறதுன்னா உள்ள இருக்கற சன்ன வலையைக் கழட்டிடுங்க, இல்லன்னா புழுவெல்லாம் வலையில நின்னுடும், நீங்க வெறும் தண்ணியை அடிச்சுட்டு வருவீங்க. அடிக்க அடிக்க டேங்கைக் குலுக்கணும், அடியில தங்கிடும். பூவாளியே போதும்ங்கறது என் அபிப்பிராயம்.

இன்னொன்னு, இதை மட்டும் நம்பாதீங்க. கோடை மழை விழுந்த மறுநாள் பொழுது சாஞ்சதும் வேர்ப்புழுவோட தாய் வண்டுங்க வேப்ப மரத்துக்கு வந்து கும்மி அடிக்கும், கீழ சாக்கை விரிச்சு கிளையை உலுக்கிப் பொறுக்கி மண்ணெண்ணெய்த் தண்ணியில போடுங்க. ஒரு தாய் வண்டு போச்சுன்னா அது போட இருந்த முட்டை மொத்தமும் போச்சு. வேர்ப்புழு சின்னதா இருக்கறப்பவே நூற்புழுவை விட்டாத்தான் பலன், கட்டை விரல் மொத்தம் ஆனதுக்கு அப்புறம் சுலபத்துல சாகாது.

கும்பகோணம்: மெழுகு அந்துப்பூச்சிப் புழுவுக்கு எங்கண்ணா போறது?

தேனீ வளக்கறவங்ககிட்ட போங்க. வலுவில்லாத பெட்டியில அடை முழுக்க வலை பின்னி நாசம் பண்றது இதேதான், அவங்களுக்கு இது எமன், குடுங்கன்னா கும்புட்டுக் குடுப்பாங்க. அப்புறம் வீட்டுல சோள மாவு, கோதுமைத் தவிடு, பால் பவுடர், ஈஸ்ட், தேன், கிளிசரின், கொஞ்சம் மெழுகு கலந்து வளக்கலாம். கண்ணாடி பாட்டில்ல, மூடிக்குப் பதிலா கம்பி வலை. பிளாஸ்டிக் டப்பாவுல விட்டு வச்சீங்கன்னா ஓட்டை போட்டுட்டு வெளிய வந்து பீரோவுக்கு அடியில கூடு கட்டிடும், நான் அனுபவிச்சவன். அது கிடைக்கலைன்னா டிரைக்கோகிரம்மாங்கற முட்டை ஒட்டுண்ணிக் குளவிக்கு அட்டை பண்ற லேப்ல கம்பு நொய்யில கார்சைராங்கற அரிசி அந்துப்பூச்சியை வளப்பாங்க, அந்தப் புழுவும் ஆகும். சின்னதுங்கறதால குஞ்சு கொஞ்சம் கம்மியா வரும், சர்வேக்கு அது ஒரு குறையே இல்ல.

எறும்பு விஷயம் ஒன்னு. டப்பா வைக்கற மேசைக் காலுக்கு தண்ணிக் கிண்ணி வைங்க. ஒரு தடவை நான் அசந்துட்டேன், எறும்பு வந்து அஞ்சுல நாலு புழுவைத் தூக்கிட்டுப் போயிடுச்சு, செவப்பா மாறுன ஒன்னை மட்டும் தொடவே இல்ல. அதுக்குள்ள இருக்கற பாக்டீரியா எறும்பை விரட்டற ஏதோ ஒன்னைச் சுரக்குதுன்னு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

பட்டுக்கோட்டை, தென்னை: கஜா புயல்ல விழுந்த மரத்தை அப்படியே விட்டதுல இருந்து காண்டாமிருக வண்டு ஓயல. எருக்குழியில இந்த நூற்புழுவை விட்டா அதோட புழு சாகுமா?

2018ல விழுந்த மரமெல்லாம் வருஷக்கணக்கா மக்கிக் கிடந்து வண்டுக்குத் தொட்டில் ஆனது உண்மைதான். ஆனா எருக்குழிக்கு நான் இதை முதல்ல சொல்ல மாட்டேன் அண்ணே. குழிக்குள்ள கை விட்டுப் பாருங்க, சுடும். பச்சைச் சாணத்தோட ஆவியும் இதுக்கு ஆகாது. அங்க பச்சைப் பூஞ்சாணம் மெட்டாரைசியம்தான் பழகுன ஆளு. குழியைக் கிளறி புழுவைப் பொறுக்கிப் போட்டுட்டு அதை விடுங்க, மக்குன மரத்தை வெட்டி அப்புறப்படுத்துங்க. நூற்புழுவைத் தோப்பு மண்ணுல தேடுங்க, அது வேற கணக்கு.

பேராவூரணி: ஆன்லைன்ல ஒரு பாக்கெட் நூற்புழு பவுடர் வாங்கிப் போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. கம்பெனி பேரைப் போட்டு எழுதுங்க.

பேரு வேண்டாம், பாக்கெட்ல இருந்த நூற்புழு அவங்க கையிலதான் செத்திருக்கணும்னு இல்ல, வழியில கூட செத்திருக்கலாம், கூரியர் குடோன்ல மே மாசம் ஒரு வாரம் கிடந்தா என்ன மிஞ்சும்? அடுத்த தடவை போடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் எடுத்து தண்ணியில கரைச்சு அரைமணி விட்டுட்டு, கருப்புத் தட்டுல ஊத்தி பத்து மடங்கு லென்ஸ்ல பாருங்க. நெளிஞ்சா உயிர். எல்லாம் குண்டூசி மாதிரி நேரா கிடந்தா பெரும்பாலும் போச்சு, ஆனா ஸ்டைனர்நீமாவுல சிலது ஓய்வா இருக்கறப்பவும் நேராத்தான் கிடக்கும், அதனால தட்டை லேசா தட்டி, ஒரு முடியால சீண்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பாக்கெட்டைப் பிரிச்ச அன்னிக்கே இதை வீடியோ எடுத்து வச்சா காசு திருப்பிக் கேக்கவும் வசதி.

என் கதையையும் சொல்லிடறேன். நான் முதன்முதலா படுகையில எடுத்த ஹெட்டிரோராப்டைட்டிஸை, மூணு மாசம் அலைஞ்சு கிடைச்சதை, கெட்டுப் போகக் கூடாதேன்னு ஃப்ரிட்ஜ்ல இட்லி மாவுக்குப் பக்கத்துல வச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு எடுத்துப் பாத்தா அத்தனையும் குண்டூசி. சூட்டு மண்ணுல பொறந்ததுக்கு அந்தக் குளிர் தாங்காதுன்னு எனக்கு அப்பத் தெரியாது, 15 டிகிரி சுமார்ல வைக்கணும். இப்பல்லாம் ஈர ஸ்பாஞ்சுல விட்டு, மண்பானைக்குப் பக்கத்துல வச்சு, ஒரு மாசத்துக்குள்ள புதுப் புழுவுக்கு மாத்திடறேன்.

திருத்துறைப்பூண்டி: மாட்டுக்கு, மண்புழுவுக்கு, எங்களுக்கு ஆபத்து உண்டா?

இல்லைங்க. பூச்சிக்குத்தான் அது ஆபத்து. மாடு, கோழி, மண்புழு எதையும் பண்ணாது. ஆனா பட்டுப்புழு வளக்கறவங்க அந்த ரூம்ல மட்டும் இந்தத் தட்டு டப்பாவெல்லாம் வைக்காதீங்க.

மயிலாடுதுறை பக்கம், பள்ளி ஆசிரியர்: எங்க பசங்களை வச்சு எங்க ஒன்றியத்து மண்ணு முழுக்க சர்வே பண்ணலாமான்னு ஒரு யோசனை. நடக்குமா?

நடக்கும் சார், இதைத்தான் நான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். பசங்க பண்ணா பெரியவங்களை விட ஒழுங்கா பண்ணுவாங்க, ஒரு புழு செத்தாலும் ராத்திரி போன் பண்ணிச் சொல்லுவாங்க. ஒரு பையனுக்கு ஒரு இடம்னு பிரிச்சுக் குடுங்க: படுகை வாழை, திடல் தென்னை, மூங்கில் கொத்து, கோயில் நந்தவனம், குளத்துக்கரை, கடலோர சவுக்கு, மருந்தே பாக்காத புறம்போக்கு. சவுக்குத் தோப்பையும் நந்தவனத்தையும் விட்டுடாதீங்க, உழவு படாத, நிழல் விழற மண்ணு. நிலத்துக்காரர்கிட்ட கேட்டுட்டு எடுக்கச் சொல்லுங்க. போன்ல லொகேஷனைக் குறிச்சு, மண்ணு மணலா களியா, கடைசியா தண்ணி எப்ப பாஞ்சது, பக்கத்துல என்ன புழு கண்ணுல பட்டுதுன்னு ஒரு நோட்டுல எழுதணும். கிடைக்காத இடத்தையும் அதே அக்கறையோட எழுதணும், பசங்க இதுலதான் ஏமாத்துவாங்க, காலி டப்பாவுக்கு எவனும் நோட்டு எழுத மாட்டான். கிடைச்ச ஒவ்வொன்னையும் தனித்தனி பேர்ல வளங்க, எல்லாத்தையும் ஒரே தண்ணியில கலந்துட்டா எது எந்த ஊர்ப் புழுன்னே தெரியாமப் போயிடும். அப்புறம் ஒரு போட்டி வைக்கலாம், அஞ்சு ஊர்ப் புழுவையும் ஒரே நாள்ல, ஒரே அளவுல விட்டு எந்த ஊர் முதல்ல கொல்லுதுன்னு.

மழை ஓஞ்சு மண்ணு முங்காம ஈரமா இருக்கற மார்கழி கடைசி, தை மாசம்தான் மண்ணு எடுக்கத் தோது. மெழுகுப் புழு முட்டையில இருந்து அந்துப்பூச்சியாகி அடுத்த முட்டை வர கிட்டத்தட்ட ஒன்றரை மாசம் ஆகும், உங்களுக்கு நூத்துக்கணக்குல வேணும். ஐப்பசியிலயே தேனீக்காரரைப் பாத்துடுங்க சார்.